டேங்க்குக்குள் ஒரு தண்ணீர்ப் பந்தல்

கம்பம் பள்ளத்தாக்கில் யாராவது தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் அவர் டீசல் மெக்கானிக்காகத்தான் இருப்பார். மற்றபடி இது தண்ணீருக்காக மலையையே குடைந்த சீமை. 1895இல் இன்ஜினியர் பென்னி குக் பெரியாற்றின் குறுக்கே அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிக்கொண்டிருந்த அந்த ஆற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டார். இன்றைக்கு லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது என்றால் அந்தத் தண்ணீரால்தான். அந்த வெள்ளைக்காரரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். தை மாதம் அவருக்கென்று தனியாகப் பொங்கலும் வைக்கிறார்கள்.

அவ்வளவு மரியாதைக்குரிய தண்ணீர், அழைக்காமலே போய் உட்காருகிற இடம் ஒன்று உண்டு. டீசல் டேங்கின் அடிவயிறு.

இந்தக் கதையின் நாயகர் கம்பத்து ஜீப்காரர் ஒருவர். விடிவதற்கு முன்னால் தூக்குவாளியோடு காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது அவர் தொழில். ஆர்.டி.ஓ. கணக்கில் அந்த வண்டியில் எத்தனை பேர், உள்ளபடி எத்தனை பேர் என்பது வேறு கட்டுரை. வண்டி பழைய மகேந்திரா, பியூஜோ வழி வந்த டீசல் இன்ஜின். அதன் சத்தத்தை வைத்தே தெருவில் இருப்பவர்கள் மணி சொல்வார்கள்.

அந்த வண்டி மழைக்காலத்தில் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. சமதளத்தில் சமர்த்தாக ஓடும். கம்பம்மெட்டு ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவு வந்ததும் இருமும், குலுங்கும், நின்றுவிடும். கால் மணி நேரம் ஓய்வு கொடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். வண்டிக்குள் ஆளுக்கொரு நோய்க்கணிப்பு. வளைவில் ஏதோ காற்று கருப்பு இருக்கிறது என்றார் ஒருவர். ஜீப்காரருக்கு ஏழரை நடக்கிறது, குச்சனூர் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு போட்டுவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். குச்சனூர் பக்கம்தான் என்பதால் ஜீப்காரர் போயும் வந்தார். போகும்போது வண்டி நன்றாக ஓடியது. வழி முழுக்கச் சமதளம்.

வளைவில் மட்டும் நிற்பதற்குக் காரணம் எளிது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. டீசல், பிஎஸ்-6 தரக்கட்டுப்பாட்டின்படி, லிட்டருக்கு 810 முதல் 845 கிராம். கனமானது அடியில் தங்கும். டேங்கில் டீசலை உறிஞ்சும் குழாய் தரையைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்பதால், தண்ணீர் குறைவாக இருக்கும்வரை அது குழாய்க்கு எட்டாமல் கிடக்கும். வண்டி ஏற்றத்தில் சாய்ந்து, வளைவிலும் சாய்ந்தால் அடியில் கிடந்ததெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவரும். அந்த மூலையில் குழாய் இருந்தால் இன்ஜினுக்கு டீசலுக்குப் பதில் தீர்த்தம் போகும்.

மெக்கானிக் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றில் பிடித்தார். முதலில் வந்தது கலங்கலாக, பழைய சாம்பார் நிறத்தில் இருந்தது. பாட்டிலை டூல்ஸ் பெட்டியின் மேல் ஆடாமல் வைத்துவிட்டு டீக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது பாட்டிலுக்குள் கோடு கிழித்த மாதிரி இரண்டு அடுக்கு. மேலே இளமஞ்சளில் டீசல். கீழே ஒரு டீ கிளாஸ் அளவு தண்ணீர், அடியில் துருவும் மண்ணும். இரண்டுக்கும் நடுவே மூக்குச்சளி போல் ஏதோ கருப்பாக ஒட்டிக்கொண்டு மிதந்தது. அதுவும் உயிருள்ள சங்கதிதான். தண்ணீரும் டீசலும் சேரும் அந்த எல்லைக்கோட்டில் குடியிருந்து டீசலையே தின்று வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உண்டு. லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கிற சாப்பாடு. அவை பாட்டுக்குத் தின்கின்றன.

வண்டியில் வழக்கமாக முன் சீட்டில் உட்காரும் பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டார்: "ஏந்தம்பி, ரேடியேட்டர்ல தண்ணி இல்லைன்னாலும் நிக்கிது, டேங்குல தண்ணி இருந்தாலும் நிக்கிது. ஒன் வண்டிக்கு என்னதான் வேணுமாம்?"

தண்ணீர் எப்படி வந்தது என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கட்சி பங்க்கைக் குற்றம் சொன்னது. பங்க் ஆட்கள் உடனே அளவுக் கோலை எடுத்தார்கள். அதன் நுனியில் ஒரு பசையைத் தடவி, நிலத்தடி டேங்கில் அடிவரை இறக்கி எடுத்தார்கள். தண்ணீர் பட்டால் அந்தப் பசை நிறம் மாறும். மாறவில்லை. இந்தச் சோதனையைக் கேட்டுப் பார்க்க வண்டிக்காரர் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. டேங்கர் லாரி சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் டீசல் போடாமல் இருப்பதும் நல்லது. அடியில் படிந்ததெல்லாம் அப்போதுதான் கலங்கி மேலே வரும்.

இன்னொரு கட்சி பனிக்கட்சி. கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம், மலை மேலே குமுளி சுமார் 900. பகலில் கீழே வெயில், ராத்திரி மேலே குளிர். பாதி காலியான டேங்கில் இருக்கும் காற்று குளிர்ந்து வியர்க்கிறது, அதுதான் தண்ணீர் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி, அளவு சரியில்லை. 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரிக்கு இறங்கினால் 13 கிராம்தான். மீதி 17 கிராம் துளியாக இறங்கும். ஆனால் அறுபது லிட்டர் டேங்கில் பாதி காலி என்றால் உள்ளே இருப்பது 30 லிட்டர் காற்று, கன மீட்டரில் நூற்றுக்கு மூன்று பங்கு. ஆக ஒரு ராத்திரிக்கு மிஞ்சிப்போனால் அரை மில்லி. டீ கிளாஸ் நிரம்ப வேண்டுமானால் இருநூறு ராத்திரி, ஒன்று தவறாமல் வியர்க்க வேண்டும்.

உண்மையான குற்றவாளி ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் இருந்தது. கேரளத்தில் டீசல் விலை கூடுதல். 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு சேர்ந்தது. ஆகவே கம்பத்திலேயே கேனில் வாங்கி வைத்துக்கொண்டு மேலே போய் ஊற்றுவது ஜீப்காரரின் சிக்கன நடவடிக்கை. அந்தக் கேனுக்கு மூடி தொலைந்து பல காலமாகிவிட்டது. மூடி இருந்த இடத்தில் ஒரு பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும் இருந்தன. மலையில் மழை கேட்டுக்கொண்டா பெய்கிறது? டேங்க் மூடியின் வாஷரும் தேய்ந்து போயிருந்தது. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தவர், அந்த மிச்சத்தைப் போலத் தண்ணீரையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

சரி, நல்லதாக ஒரு வாட்டர் செபரேட்டர் போட்டுவிடலாம் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்கள். அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது.

பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் இரட்டை ஃபில்டர் உண்டு: முதலில் துணி ஃபில்டர், அடுத்து பேப்பர் ஃபில்டர். துணி பெரிய அழுக்கைப் பிடிக்கும், பேப்பர் பொடியைப் பிடிக்கும். செபரேட்டர் இதற்கெல்லாம் முன்னால் நின்று தண்ணீரைத் தனியே இறக்க வேண்டிய சாமான். அதற்குள் இருக்கும் தாள் தண்ணீரை ஒட்டவிடாது. சிறு துளிகள் அதில் முட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடிக் குடுவைக்குள் விழும். குடுவையில் ஒரு திருகு. அதைத் திறந்தால் தண்ணீர் வெளியேறும்.

"எத்தன மைக்ரான்ணே வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

ஜீப்காரருக்குத் தரத்தில் கீழே இருப்பது எதுவும் பிடிக்காது. "இருக்கறதுலயே பொடிசு எதுவோ அதக் குடுங்க" என்றார்.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிப்பு. வெறும் கண்ணுக்குத் தெரிவது 40 மைக்ரான் வரைக்கும்தான். சல்லடை பொடிசாக இருந்தால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே 2 மைக்ரான் ஃபில்டரை மாட்டினால் பம்ப் உறிஞ்சத் திணறும். கொஞ்சம் அழுக்கு சேர்ந்ததும் வண்டி பட்டினி கிடக்கும். அப்போதும் வளைவில்தான் நிற்கும், காரணம்தான் வேறாக இருக்கும். அதனால் பம்ப்புக்கு முன்னால் 30 அல்லது 10, பம்ப்புக்குப் பின்னால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை ஒட்டிப் பொடிசு என்பதே முறை. படகுக்காரர்களிடம் பேர்பெற்ற ராகார் ஃபில்டர்களில் இதை நிறத்தாலேயே பிரித்திருக்கிறார்கள்: 30க்குச் சிவப்பு, 10க்கு நீலம், 2க்குப் பழுப்பு.

பம்ப்புக்குப் பின்னால் செபரேட்டரை மாட்டினால் என்ன என்று அங்கே நின்ற வேறொரு டிரைவர் கேட்டார். மாட்டலாம்; ஆனால் பம்ப் ஏற்கெனவே தண்ணீரை மோர் கடைவது மாதிரி கடைந்து டீசலுக்குள் கலந்துவிட்டிருக்கும். அவ்வளவு பொடித் துளிகளைப் பிரிப்பது பெரிய பாடு. பெரிய துளியாக இருக்கும்போதே பிடித்துவிடுவதுதான் சுலபம்.

அடுத்த சண்டை ஓட்டத்தைப் பற்றி. ஜீப் மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று கணக்குப் போட்டு, அதற்குச் சரியான சின்ன ஃபில்டரைக் கடைக்காரர் நீட்டினார். பல டீசல் இன்ஜின்களில் பம்ப் தேவைக்கு மேல் இழுத்து, எரிந்தது போக மீதியை டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. ஃபில்டர் வழியாக ஓடுவது மொத்தமும் என்பதால், எரிகிற அளவைப் பார்த்து வாங்கினால் அளவு பத்தாது. பம்ப்பின் அளவைப் பார்க்க வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் திறனைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 16332 என்று உலகத் தர முறையே இருக்கிறது. கம்பம் கடைவீதியில் அதைச் சொல்லிக் கேட்டால், எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் நம்பர் என்று திருப்பிக் கேட்பார்கள்.

கடைசியில் ஒரு பளபளப்பான டப்பா பாதி விலைக்கு வந்தது. மெக்கானிக் அதைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, பட்டறையில் கிடந்த அதே மாதிரி பழைய டப்பா ஒன்றை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். நல்ல ஃபில்டரில் மடிப்பு மடிப்பாக, புடவைக் கொசுவம் அளவுக்குத் தாள் இருக்கும். இரு முனையும் கோந்தால் இறுக ஒட்டியிருக்கும். இதில் மடிப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு முனை ஒட்டவே இல்லை. டீசல் தாளுக்குள் நுழையாமல், டோல்கேட்டுக்குப் பக்கத்து மண்பாதையில் போவது மாதிரி சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

ஒரு வழியாக 30 மைக்ரான், கண்ணாடி போல் தெரியும் குடுவை, கையால் திருகக்கூடிய அடித் திருகு. இதை எழுதுபவரைக் கேட்டால் இந்தக் கடைசி அம்சத்துக்குத்தான் அதிக மதிப்பெண். ஸ்பேனர் வேண்டிய திருகை யாரும் திறப்பதில்லை. குனிந்து பார்க்க வேண்டிய குடுவையை யாரும் பார்ப்பதில்லை. சைலன்ஸர் சூட்டில் இருந்து தள்ளி, கை எட்டும் இடத்தில் மாட்டினார்கள். பிறகு பிரைமரை அமுக்கி அமுக்கி, குழாயில் நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை ஏர் எடுத்தார்கள். அந்த வேலைக்குப் பெருவிரலில் தனி பலம் வேண்டும்.

ஜீப்காரரின் மருமகன் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தான். அவனுடையது 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 பொலேரோ. "நம்ம வண்டியில எல்லாம் சென்சார் மாமா. தண்ணி வந்தா அதுவே சொல்லிரும்."

சொல்லும், வாஸ்தவம். டீசலில் மின்சாரம் பாயாது, தண்ணீரில் பாயும். குடுவைக்குள் இரண்டு முனைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றைத் தொட்டதும் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்க்க வேண்டுமே. மருமகனின் டேஷ்போர்டில் அது இருக்க வேண்டிய இடத்தில் குச்சனூர் சனீஸ்வரன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரை மெதுவாக உரித்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று சனீஸ்வரனுக்குத்தான் தெரியும்.

பழைய ஜீப்பாவது இருமிவிட்டு நிற்கும். மருமகன் வண்டியில் இருக்கும் காமன் ரயில் இன்ஜின் அப்படிக் கருணை காட்டாது. ஜீப் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் காற்றழுத்தம். காமன் ரயிலில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல்கூட அழுத்தத்தில் நிற்கிறது. இன்ஜெக்டருக்குள் பாகங்களுக்கு இடைவெளி சில மைக்ரான்தான், அவற்றுக்கு மசகு டீசலேதான். அங்கே தண்ணீர் புகுந்தால் துரு, தேய்மானம், அப்புறம் பில். அந்த பொலேரோவில் சிலிண்டர் மூன்று, ஆகவே இன்ஜெக்டரும் மூன்று. நான்கு இல்லையே என்று மாமன் ஆறுதல் சொன்னார். மருமகன் அன்றைக்கே திருகைத் திறந்து வடித்தான், விளக்கு அணைந்தது. ஸ்டிக்கர் கண்ணாடிப் பக்கம் இடம் மாறியது.

வடித்ததை எங்கே ஊற்றுவது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. திராட்சைப் பந்தல் ஓரத்திலோ வாய்க்காலிலோ ஊற்றினால் விவசாயி சும்மா விடமாட்டார், விடவும் கூடாது. ஜீப்காரர் வாரா வாரம் பாட்டிலில் பிடித்துப் பஞ்சர் கடைக்குக் கொடுத்துவிடுகிறார். அங்கே செயினும் பேரிங்கும் கழுவ உதவுகிறது. மூடி உள்ள புதுக் கேன் வாங்கிய பிறகு பாட்டிலில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நடுவில் அடைமழை பிடித்த ஒரு வாரம் மட்டும் திரும்பவும் கொஞ்சம் ஏறியது. பஞ்சர் கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னண்ணே, இந்த வாரம் தண்ணி கலந்து குடுத்திருக்கீங்க?"