கொங்குப் பழவில் சேகரிப்பு: முன்னாய்வுக்கு முந்தைய ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஆடிப்பெருக்கையொட்டிக் கொல்லிமலையில் ஆண்டுதோறும் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு. எல்லோரும் அம்பு எங்கே தைக்கிறது என்று பார்க்கையில், திருப்பூரிலிருந்து போன சேகரிப்பாளர் மட்டும் எவர் கையில் பழைய வில் இருக்கிறது என்று நோட்டம் விடுவார். இச்சேகரிப்பாளர் இனத்தைப் பற்றி இதுவரை ஆய்வு எதுவும் இல்லை. நாம் தேடிப் பார்க்காததால் இது ஐயமற உறுதியாயிற்று.

2. வகைப்பாடு

அ) ஓரியின் வில்: யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஓரம்பில் வீழ்த்தியதாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் உள்ளது. வில் கிடைக்கவில்லை. உடும்பின் தரப்பு வாக்குமூலமும் கிடைக்கவில்லை.

ஆ) சேரர் வில்: காசில் பொறித்திருக்கிறார்கள். காசுள்ளவர்கள் சேகரிக்கலாம்.

இ) வில்லுப்பாட்டு வில்: தென்மாவட்டத்தது. பயணப்படி கிடைக்காததால் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

ஈ) பைபர் கிளாஸ் வில்: வாங்குமுன் வில்லின் கை திருகியிருக்கிறதா, ஒட்டுப் பிரிந்திருக்கிறதா என்று நீளவாக்கில் கண்ணோட்டிப் பார்க்க வேண்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால் வில்லே உடையலாம். வாங்காமல் திரும்ப நினைப்பவர் இதைச் செய்து பார்த்தால் வாங்கியே தீர வேண்டியிருக்கும்.

உ) பஞ்சு வில்: இதுவே ஆய்வின் உயிர்நாடி. பனியன் வருமுன்பே திருப்பூர் பஞ்சு ஊர், ஜின்னிங் மில் ஊர். தெருத்தெருவாக மெத்தைக்குப் பஞ்சு கொட்ட வந்தவர் தோளில் கிடந்த ஆளுயர வில் இது. ஒரு முனையில் அகலப் பலகை. நாண், நரம்பால் ஆனது. மரக்கட்டையால் தட்டியதும் நாண் அதிர்ந்து, கட்டிதட்டிப்போன பஞ்சை நுரைபோல் பிரித்துவிடும். இன்று பழைய இரும்புக் கடையில் இதைக் கண்டெடுக்கும் சேகரிப்பாளர், போர்வில் என்று ஹாலில் மாட்டிவிடுகிறார்.

போர்வில்லுக்குப் பலகை எதற்கு? கேடயம் என்பது முதல் கொள்கை (செவிவழி). களைத்த வீரன் அமர்வதற்கு என்பது இரண்டாவது (டீக்கடை பெஞ்சு, இடது ஓரம், கீழிருந்து மூன்றாம் கிறுக்கல், மறுப்புக்குக் காண்க: அதே பெஞ்சு, வலது ஓரம். மறுப்புக்கு மறுப்போ ஆயுத பூஜைக்குப் பெயின்ட் அடித்தபோது அழிந்தது. இவ்விழப்பை அலெக்சாந்திரியா நூலகத்தோடு ஒப்பிட்ட கட்டுரையை இரும்புக் கடைக்காரர் எடைக்குப் போட்டுவிட்டார்). "அது பஞ்சு கொட்டறதுங்க சாமி, எங்கப்பன் கொட்டுனதுங்க" என்று முதியவர் ஒருவர் சொன்னது மூன்றாவது. அடிக்குறிப்பு இல்லாததால் நிராகரிக்கப்பட்டது.

3. எலாஸ்டிக் காலம்

நாண் அறுந்த வில்லுக்கு ஜட்டி எலாஸ்டிக் கட்டுவது திருப்பூர் மரபு. இதைக் கொண்டு வில்லின் வரலாற்றை எலாஸ்டிக்குக்கு முன், பின் எனப் பிரிக்கிறோம். ஒரு வில்லின் எலாஸ்டிக்கில் ஐரோப்பியக் கம்பெனியின் பெயர் நெய்யப்பட்டிருந்தது. எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சியது என்றனர் படிக்காதவர்கள். நொய்யல் கரையில் யவனர் வணிகம் கண்ட கொடுமணல் இருக்கிறது. ஆகவே யவனத் தொடர்பு என்று நிறுவினோம். ஒரு பானை ஓட்டிலிருந்து கோட்டையும் அகழியும் எழுப்புகிற அறிஞர்கள் நடமாடும் நாட்டில் இது அடக்கமான முடிவே.

4. முடிவுரை

பழவில்லின் வயதறிய மரத்தைச் சோதிப்பது வீண்வேலை. கை மாறும்போதெல்லாம் அதற்கு ஒரு நூற்றாண்டாவது கூடுகிறது. கடையில் தாத்தா காலத்தது. சேகரிப்பாளர் வீட்டில் பாளையக்காரர் காலத்தது. கருத்தரங்கில் சேரர் காலத்தது. இந்த விதியை மறுப்போர், ஒரு பஞ்சு வில்லைப் பஞ்சு வில் என்றே சொல்லி நல்ல விலைக்கு விற்றுக் காட்டட்டும்.