தாடைக்குக் கீழே ஒரு டார்ச்

வா பேராண்டி, இப்படி உக்காரு. நேத்து ராத்திரி உன் குறும்படத்த டிவியில போட்டுக் காட்டுனேல்ல, வெத்தலையக்கூடத் துப்பப் போகாம முழுசும் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். அதுல வந்த பொண்ணு பேயா, காதலியா? ஒரு கட்டத்துல வாடகை பாக்கி கேட்டு வந்த வீட்டுக்காரம்மாவோன்னுகூட நெனச்சேன். எல்லாரும் ஒரே நீலத்துல, ஒரே புகைக்குள்ள, காலு சுளுக்கிக்கிட்டு நடக்காக. பின்னால மாவு மில்லு தூரத்துல ஓடுத மாதிரி 'ங்ங்ங்'னு ஒரு சத்தம். அப்பன் செத்தாலும் அதே சத்தம், மகன் காப்பி குடிச்சாலும் அதே சத்தம். கேட்டா, கலரு திருத்துறதுக்கு டி.ஐ. பண்ணிருக்கு தாத்தாங்குற. பண்ணு ராசா, யாரு வேண்டாம்னா.

முறைக்காத. உங்க தாத்தன் காலேஜு வாசல மிதிக்காதவன்தான். ஆனா டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவன். கார்பன் குச்சி ரெண்டும் எரிய எரியத் தேயும். நடுவுல இடைவெளி கூடிப்போச்சுன்னா வெளிச்சம் நடுங்கும், மண்தரையில இருக்க கூட்டம் விசிலடிச்சு எங்க ஆத்தா அப்பன விசாரிக்கும். அதனால என் கண்ணு குச்சி மேலயே கெடக்கும். காதுதான் படம் பாக்கும். கொட்டகைக்குள்ள முறுக்குத் தட்டோட திரியுவான் ஒரு பையன், அவன் என்னையவிடக் கெட்டிக்காரன். திரைக்கு முதுகக் காட்டிக்கிட்டே நிப்பான். ஷெனாய் அழ ஆரம்பிச்சா, 'இனி ஒருத்தனும் முறுக்கு வாங்க மாட்டான்'னு வெளிய போயி பீடி பத்த வைப்பான். வயலின் கீச்சுன்னு எகிறுச்சோ, தட்டத் தரையில வச்சுட்டுத் திரும்பிப் பாப்பான். கதை அவனுக்குத் தேவையில்ல. எந்த மாதிரிப் படம், எந்த மாதிரி நேரம்னு முதுகே சொல்லிரும். உன் படத்துக்கு அவன விட்டுருந்தா பாவம், விடிய விடிய நின்ன எடத்துலயே நின்னுருப்பான்.

சரி, பேய்ப் படம் எடுக்கணும்னா எப்படி, கேளு. மொதல்ல கரண்டு பில்லு கட்டாத பங்களாவாப் பாரு. பேய்க்கு வேற எந்த வசதியும் வேண்டாம். அப்புறம் அந்த டார்ச்ச எடு. அந்தா உங்க ஆச்சி கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருக்கா, சத்தங்காட்டாமப் போயி தாடைக்குக் கீழ வச்சு அடி. பாத்தியா? மூக்கு நிழலு நெத்திக்கு ஏறுது, புருவத்துக்கு மேல இன்னொரு புருவம் மொளைக்குது, கன்னத்து மேடு பள்ளமெல்லாம் எடம் மாறுது. சூரியன் என்னைக்கும் தலைக்கு மேலதான், அதனால நம்ம கண்ணு மேல இருந்து வார வெளிச்சத்துக்குத்தான் பழகிருக்கு. கீழ இருந்து வந்தா, பெத்த தாயா இருந்தாலும் ஒரு நிமிசம் வயித்தக் கலக்கும். உங்க ஆச்சிகிட்ட இத நான் டார்ச் இல்லாமலே பாத்திருக்கேன், அது வேற கதை.

ஸ்ரீதர் 1963ல 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்தாரு. கேமரா வின்சென்ட். நம்பியாரு கிழட்டு ஜமீன்தாரா வருவாரு. ரீல மாட்டுத ஒவ்வொரு தடவையும் முதுகுத்தண்டு சில்லுன்னு ஆகும். 1966ல 'யார் நீ' வந்துச்சு, ஜெயசங்கரும் ஜெயலலிதாவும். மழை, ராத்திரி, காரு, வெள்ளைச் சேலை, எங்கனயோ தூரத்துல இருந்து ஒரு பொம்பள பாடுத குரலு. இந்த வெள்ளைச் சேலை சமாச்சாரத்த யோசிச்சிருக்கியா? கறுப்பு வெள்ளைப் படத்துல இருட்டுக்குள்ள வேற எந்தச் சேலை தெரியும்? பேய்க்கு வெள்ளை பிடிக்குமோ என்னமோ, பிலிமுக்கு ரொம்பப் பிடிக்கும். கலரு வந்து இத்தன வருசமாச்சு, பேய் மட்டும் ஜவுளிக்கடைப் பக்கம் போகவே இல்ல.

கொலை மர்மம்னா எங்க மாமன் காலத்து 'அந்த நாள்' பாரு. 1954, ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன். தொடக்கத்துலயே துப்பாக்கி வெடிக்கும், சிவாஜி விழுந்துருவாரு. அதுக்குப் பிறகு விசாரணை. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுவாக, அதுக்கேத்தாப்புல படமும் திரும்பத் திரும்ப ஓடும். மாருதி ராவ் கேமராவுல பாதி மூஞ்சி வெளிச்சத்துல, மீதி இருட்டுல. ஒரு பாட்டு கெடையாது, ஒரு ஆட்டம் கெடையாது. வந்த புதுசுல படம் சரியாப் போகல. சிவாஜி சாகுறாரேன்னு சனம் கோவப்பட்டுச்சுன்னு சொல்லுவாக. எனக்கு என்ன தோணுதுன்னா, பாட்ட உருவிட்டா நம்மாளுக்குத் தெச தெரியாது. எங்க அழணும், எங்க சிரிக்கணும், எப்ப ஒண்ணுக்குப் போகணும்னு எல்லாத்தையும் பாட்டுத்தான அவனுக்குச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு? இன்னைக்கு அதே படத்தத் தலையில தூக்கி வச்சு ஆடுதாக. உன் படத்தையும் ஆடுவாக, கொஞ்சம் பொறு, ஒரு எழுவது வருசம்.

குதிரைப் படத்துக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். கேமராவத் தரையில படுக்க வையி, பூட்ஸு காலக் காட்டு, புழுதியக் கெளப்பு. கர்ணன் தானே கேமராமேனு, தானே டைரக்டரு. ஜெயசங்கர வச்சு 1972ல 'கங்கா', 'ஜக்கம்மா'ன்னு எடுத்தாரு. இதுக்கெல்லாம் பாட்டன் இத்தாலிக்காரன் லியோனே. அவன் 1966 படத்துல கடைசியில கல்லறைத் தோட்டத்துல மூணு பேரு நிப்பாக. மொதல்ல ஆளு எறும்பளவு, பிறகு இடுப்பு, பிறகு கை, கடைசியில திரை பூராவும் கண்ணு. லேசுல சுட மாட்டானுக, சும்மா முறைச்சுக்கிட்டே நிப்பானுக. மோரிகோனி பாட்டு ஏற ஏற நம்ம நெஞ்சும் ஏறும். நீயும் கண்ணுக்கு க்ளோஸப் வச்சிருக்க. எதுக்கு வச்ச? அந்தப் பய காப்பியில சீனி இருக்கான்னுல்ல பாத்தான்!

சிரிப்புப் படம்னா வீட்டுல இருக்க அம்புட்டு லைட்டையும் போட்டுரு, முடிஞ்சது.

கிராமத்துப் படத்துல மட்டும் கொஞ்சம் நில்லு. 1977க்கு முன்னால கிராமம்னா பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள்ள போட்ட குடிசை. ஒரு ஆளுக்கு நாலு நெழலு விழும், நாலு சூரியன் உள்ள ஊரு அது. பாரதிராஜாவும் நிவாசும் '16 வயதினிலே'க்குக் கேமராவ வெளிய தூக்கிக்கிட்டுப் போனாக. நெசமான வெயிலு, நெசமான தெரு, மேல இளையராஜா. 'ஆகா, நம்ம ஊரு'ன்னு நம்மாளு நெஞ்சத் தடவுனான். அது கர்நாடகாவுல கொள்ளேகால் பக்கம். வெளிச்சம் சரியா இருந்தா மனுசன் எந்த ஊரையும் தன் ஊருன்னு சொல்லிருவான்.

தாதா படம்னா உச்சி வெளிச்சம். 'காட்ஃபாதர்'ல 1972லயே கார்டன் வில்லிஸ் மேல இருந்து அடிச்சு பிராண்டோவோட கண்ண இருட்டுல ஒளிச்சு வச்சுட்டாரு. 1987ல 'நாயகன்'ல பி.சி. ஸ்ரீராம் அந்த டாப் லைட்ட நம்ம பக்கம் இறக்குனாரு. நம்ம ஊர்த் தலைவரு வீட்டு ஹால்ல குண்டு பல்பு ஒண்ணு தொங்குதுல்ல, அதுக்கு நேர் கீழ அவர உக்கார வச்சுப் பாரு. கண்ணுக்குழியில இருட்டு தங்கிரும். என்ன நெனைக்காருன்னே தெரியாது. நெசத்துல அவரு ஒண்ணும் நெனைக்கல, ஆனா படத்துல பயமா இருக்கும்.

இப்ப நீ கேப்ப: 'எல்லாரும் இப்படியே எடுத்தா, பாக்குதவன் மொத சீன்லயே கண்டுபிடிச்சுருவானே தாத்தா?' கண்டுபிடிக்கட்டுமே. அவன நம்ப வச்ச பிறகுதான ஏமாத்த முடியும்? 'ஜாஸ்'னு ஒரு சுறாப் படம், 1975. பொம்மைச் சுறா கடல் தண்ணியில அடிக்கடி மக்கர் பண்ணிருச்சு. ஸ்பீல்பர்க் சுறாவ ஒளிச்சு வச்சுட்டு, ஜான் வில்லியம்ஸ் போட்ட ரெண்டு சுரத்த நீந்த விட்டாரு. நடுவுல ரெண்டு சின்னப் பயலுக அட்டையில துடுப்பு செஞ்சு தண்ணிக்குள்ள இருந்து மெரட்டுவானுக. கூட்டம் அலறிக்கிட்டுக் கரைக்கு ஓடும். அப்ப அந்த ரெண்டு சுரம் வாராது. கரையில இருக்கவனத்தான் ஏமாத்துனாக, கொட்டகையில இருக்கவனுக்கு நேர்மையா இருந்தாக. 'சத்தம் வந்தாத்தான் சுறா'ன்னு நம்ம மனசுல கல்வெட்டு மாதிரிப் பதிஞ்ச பிறகு, படகுல ஒருத்தன் சும்மா இரை வீசிக்கிட்டு இருக்கும்போது, ஒரு முனகலுமில்லாம வாயப் பெளந்துக்கிட்டு வரும் பாரு!

நம்ம ஊரு 'பீட்சா'வும் இதே களவாணித்தனந்தான். 2012, கார்த்திக் சுப்புராஜ். பூட்டுன பங்களா, டார்ச், இருட்டு, கதவுச் சத்தம்னு பேய்ப் படத்துக்கு உண்டான மொத்த மரியாதையும் செஞ்சு, நம்மள நாற்காலியில ஒடுங்க வச்சு, கடைசியில கதாநாயகப் பய சொன்னது பூராவும் கட்டுக்கதைன்னு சொல்லிட்டாரே! வெளிச்சமும் சத்தமும் பொய்ச்சாட்சி சொல்லிருக்கு, நாம தீர்ப்பே எழுதிட்டோம். பிறகு நெசமாவே ஒரு பேய் வீட்டுக்குள்ள அவன அனுப்பி, அதே இருட்டக் காட்டுவாரு.

உன் படத்துல அந்தப் பொண்ணு யாருன்னு இப்பவாச்சும் சொல்லிரு. பேய்னா, அவ உள்ள வாரதுக்கு முன்னாடி அந்த மில்லுச் சத்தத்தச் சுத்தமா நிப்பாட்டு, சனம் தானா நிமிரும். காதலின்னா புகையக் கொறச்சு சன்னலத் தெறந்து விடு. ரெண்டுங்கெட்டான்னா இன்னொரு தடவ ஆர்.ஆர்., அதான் பின்னணி இசை, போடு. ஆனா இன்னைக்கு வேண்டாம். உங்கப்பன் சாயங்காலம் கேமரா பில்லக் கையில வச்சுக்கிட்டு வாரான். அவன் மூஞ்சிக்கு எந்த லைட்டும் தேவைப்படாது, பின்னால வயலினும் தேவைப்படாது. நீ பாட்டுக்கு ஆச்சி பக்கத்துல உக்காந்து கீரை ஆயி.