நாய் மருந்தும் நாட்டு முட்டையும்

வாடா ராசா, இப்பிடித் திண்ணையில குந்து. மொதல்ல கைய சட்டைக்குள்ளேர்ந்து வெளிய எடு. பன்னெண்டு கோழி வளக்குற. அந்தப் பன்னெண்டும் சேந்து சொறியறதவிட நீ ஒருத்தன் சொறியறது சாஸ்தியா இருக்குது. பயப்படாத, கோழிச் செள்ளு மனுசன் மேல குடித்தனம் பண்ணாது. ஏறும், கடிச்சிப் பாக்கும், ருசி புடிக்காம எறங்கிப் போயிடும். துணிய வெந்நீர்ல அலசு, நீயும் குளி. இன்னிக்கு ஞாயித்துக்கெழமகூட இல்லியே, குளிக்கச் சொல்றாளேன்னு கோச்சுக்காத.

அது இன்னாது கையில? நாய்க்கு அடிக்கிற உண்ணி மருந்தா? லேபிளப் படி. ஃபிப்ரோனில்... ஆங், அதேதான். அடிச்சிட்டியா? இன்னும் இல்லியா? அப்ப உங்க தாத்தன் செஞ்ச புண்ணியம் கொஞ்சம் மிச்சமிருக்குது.

2017ல, ஆடி முடிஞ்சி ஆவணி பொறக்குற சமயம், பிரான்சுல இருக்குற உன் சின்னத் தாத்தன் போனு போட்டான். எப்பவும் பென்சன் கதையத்தான் பேசுவான், அன்னிக்கு முட்டக் கத பேசுனான். ஹாலந்துலயும் பெல்ஜியத்துலயும் பெரிய பெரிய கோழிக் கொட்டாயில இதே செள்ளு. சுத்தம் பண்ண வந்தவன் மூலிகத் தைலம்னு சொல்லிக்கினு இந்த மருந்தக் கலந்து அடிச்சிப்புட்டான். கோழிக்குள்ள எறங்குன மருந்து முட்டையில வந்து நின்னுச்சி. பிரான்சு வரைக்கும் போயிடுச்சி அந்த முட்ட. லட்ச லட்சமா கொட்டி அழிச்சானுங்களாம். படிச்ச வெள்ளக்காரனே மாட்டிக்கினான். நீ சேதராப்பட்டு கம்பெனியில ஷிப்டு பாத்துட்டு, டீக் குடிக்கிற நேரத்துல போன்ல வீடியோ பாத்து வைத்தியனானவன். சுத்தமான நாட்டு முட்டன்னு சொல்லி டவுன்காரனுக்கு வேற விக்கிற!

நாங்க மட்டும் ரொம்ப யோக்கியமோ? பாகூர்ல என் பொறந்த வூட்டுல காமாக்சின் பொடியத் திருநீறு மாதிரி கோழிக்குப் பூசிட்டு, கைய முந்தானையில தொடச்சிக்கினு சோறு பெசஞ்சி தின்னோம். மூட்டையில பி.எச்.சி.ன்னு போட்டிருக்கும். 1997ல கவருமெண்டே அதத் தட பண்ணிடுச்சி. அதனாலதான் சொல்றேன், பாட்டில தூரப் போடு.

இப்ப சொல்லு, செள்ளு எங்க இருக்குது? கோழி மேலன்னு சொல்லுவ. பகல்ல கோழியத் தூக்கி ரெக்கைய விரிச்சிப் பாத்திருப்ப, ஒண்ணையும் காணோம். எப்பிடி இருக்கும்? அது ராத்திரித் திருடன்டா. பகலெல்லாம் கூண்டுச் சட்டத்துல, கோழி அடையிற கழிக்கு அடியில, ஆணி அடிச்ச எடுக்குல படுத்துக் கெடக்கும். வெளக்கணைச்சப்புறம் வந்து ரத்தம் குடிச்சிட்டு, விடியறதுக்குள்ள வூடு திரும்பிடும். பசியில சாம்பல் நெறம், குடிச்சா செவப்பு. நம்ம தெருவுலயும் அப்பிடி ரெண்டு பேரு இருக்கான், பேரு வேணாம். முட்ட வெச்சி, பொரிச்சி, பொரிஞ்சது வளந்து முட்ட வெக்கிறதுக்கு இந்த வெயில்ல ஒரு வாரம் பத்து நாளு போதும். உனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சி மூணு வருசம் ஆவுது.

பேன் வேற சாதி. அது ராவும் பகலும் கோழி மேலயேதான் கெடக்கும். கோழிய மல்லாத்தி, பின்பக்கத்து எறகு அடியில ஊதிப் பாரு, உப்பு ஒட்டுனாப்புல ஈரு கொத்துக் கொத்தா இருக்கும். கால் செதிலு தூக்கிக்கினு சுண்ணாம்பு பூத்த மாதிரி இருந்தா அது வேற பூச்சி, தோலுக்குள்ளயே பூந்துக்கினு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில கால ஊற வெச்சி, வேப்பெண்ணையோ தேங்கா எண்ணையோ தடவிக்கினே வா. செதில பிச்சி எடுக்காத, ரத்தம் வந்துடும்.

அந்தச் செவலப் பெட்டைய எப்ப வாங்குன? மதகடிப்பட்டு செவ்வாக்கெழம சந்தையிலயா? வாங்கியாந்த அன்னிக்கே மத்ததோட சேத்து அடைச்சிட்ட, இல்ல? புதுசா வந்தத ரெண்டு வாரம் தனிக் கொடாப்புல போடறதுதான வழக்கம். மருமவள மட்டும் ஜாதகம் பாத்து எடுக்கணும், கோழிய அப்பிடியே உள்ள வுட்டுடலாமா?

கோழி ஒண்ணு அட கெடந்துச்சே, அது ஏன் முட்டைய வுட்டு எழுந்திரிச்சி ஓடுனுச்சி? நீ இடிக்குப் பயந்து கூடையில ஆணியும் கரித்துண்டும் வெச்ச. இடி வரல, செள்ளு வந்துச்சி. அடக்கோழி மண்ணுல பொரளப் போறதில்ல, எடத்த வுட்டு நவுர்றதில்ல, அதுதான் செள்ளுக்குத் தல வாழ எல விருந்து. கொண்ட வெளுத்துப் போச்சி பாரு, அவ்ளோ ரத்தம் போயிருக்குது. கூடை வைக்கோலக் கொளுத்திட்டு, புதுசு போட்டு, வேப்பெல நொச்செல பரப்பி வையி.

கூண்ட வெளிய இழுத்து வெயில்ல போடு. எருவ சொரண்டு, கொதிக்கிற தண்ணிய எடுக்குல ஊத்து, காஞ்சப்புறம் சுண்ணாம்பு அடி. மூட்டப்பூச்சிக்குப் பயந்து வூட்டக் கொளுத்துன கதையா நெருப்பு வெக்காத, மேல கீத்து இருக்குது. வில்லியனூர் தேருக்குக் கெவர்னரே வந்து வடம் புடிக்கிறாரு, வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து அதான் பழக்கம். உனக்கு என்னடான்னா கோழி எரு அள்ளக் கை கூசுது.

அப்புறம் வேப்பெல, வேப்பங்கொட்ட, பூண்டு, மஞ்ச, துளசி, உண்ணிச்செடி எல, கூட ஒரு துண்டு பேர் சொல்லாதது. முழிக்காத, வசம்புதான். மாட்டு உண்ணிக்கு அரைக்கிற அதே சரக்கு. அரைச்சி, தண்ணியில கரைச்சி வடிகட்டி, எடுக்குலயும் அடி, கோழிக்கும் கண்ணு மூக்குல படாம காலையில தடவு, வெயில்ல காஞ்சிடும். வாரம் கழிச்சி மறுபடியும் செய்யி. மொத தடவ தப்பிச்ச முட்ட அதுக்குள்ள பொரிஞ்சிருக்கும். ஒரு தடவ அடிச்சிட்டு, ‘ஆயா வைத்தியம் வேலைக்காவல’ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத. முருங்க மரத்தடியில மண்ணும் அடுப்புச் சாம்பலும் கொட்டி வையி, அதுங்களே குளிச்சிக்கும். உன்ன மாதிரி சொல்லிக்கினு இருக்கணுமா?

அதுக்கும் அடங்கலன்னா அந்தச் செவலைய ஒரு கூடையில போட்டுக்கினு குரும்பாபேட்டு மாட்டு டாக்டர் காலேஜுக்குப் போ. கோழிக்கு ஆவுற மருந்து எது, எவ்ளோ தண்ணிக்கு எவ்ளோன்னு அவங்க சொல்லுவாங்க. எத்தினி நாளு முட்ட திங்கக் கூடாதுன்னு மறக்காமக் கேளு. அத்தினி நாளும் விக்கவும் கூடாது, கணக்கு நான் வெச்சிருப்பேன்.

சரி, இருட்டிடுச்சி. போனு வெளக்க அடி. உன் வேட்டிய அவுத்துக் குடு, உள்ளதான் டவுசர் போட்டிருக்கியே. என் புடவ இதுக்கு இல்ல. தோ, இந்தக் கழிக்கு அடியில வேட்டி முனைய வெச்சி ஒரே இழுப்பு... பாத்தியா? குங்குமம் இழுவுன மாதிரி கோடு. எல்லாம் உன் கோழி ரத்தம். இப்ப அந்த ஆணி எடுக்குல காட்டு. ஐய, ஏன்டா குதிக்கிற?