ஆலோசனைக்குக் குறைவில்லை

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு கிராமத்துக்குக் கிராமம் முதியோர் சங்கம். யாழ்ப்பாண மாவட்டத்தில் கிராம அலுவலர் பிரிவுகள் 435. தலைவர்களுக்கு மட்டும் எங்கும் தட்டுப்பாடில்லை. இளைப்பாறிய அதிபர் இருக்கப் பயமேன்? கோயில் பரிபாலன சபை, சனசமூக நிலையம், மரண உதவிச் சங்கம் எல்லாவற்றுக்கும் அவரே தலைவர். ஆகவே கூட்டத்துக்குப் பிந்தித்தான் வருவார். வந்ததும் தேவாரம், வரவேற்புரை, பொன்னாடை, றோல்ஸ், பிளேன்ரீ, படம். (படத்துக்கு மட்டும் முதியோர் முன்வரிசை.) கண் சத்திரசிகிச்சைக்கு உதவி கேட்டு வந்த ஆச்சியின் முறை கடைசியில்.

"அடுத்த கூட்டத்தில எடுப்பம் ஆச்சி" என்றார் செயலாளர்.

"அதுக்குள்ள மற்றக் கண்ணும் மங்கிப்போடும் தம்பி. இப்பவே ரெண்டுக்கும் சேர்த்து எழுதிவிடு."