முன்சக்கரமும் இழுக்கணுமா?

கேள்வி: டிராக்டர் வாங்கப்போகிறேன். ஃபோர் வீல் டிரைவ் அவசியமா? – வாசகர், காலாப்பட்டு

பதில்: மல்லாட்டைக் கொல்லை உழவா, ஃபைபர் படகைக் கரையேற்றவா? உழவு மட்டும்தான் என்றால் டூ வீல் போதும். பின்சக்கரத்தில் வீல் வெயிட் மாட்டுங்கள், மிச்சப் பணம் டீசலுக்கு. படகென்றால் யோசிக்காமல் ஃபோர் வீல்தான். கடற்கரை மணலில் பின்சக்கரம் மட்டும் சுற்றினால், வண்டி தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அப்புறம் படகுக்காரர்கள் வந்து டிராக்டரைக் கரையேற்றவேண்டும்!

ஒன்று, இ.சி.ஆர். தார் ஏறியதும் முன்சக்கர லீவரை விலக்கிவிடுங்கள். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும்படிதான் செய்திருப்பார்கள். மணலில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் டயர் தேயும், கியரும் திணறும். பல்கலைக்கழக வாசல்வரை பந்தாவாக அப்படியே ஓட்டிப் பாருங்கள், டயர் கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைப்பார்.