நேரசூசிக்காரன்

உயர்தரப் பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது எங்கள் விறாந்தைச் சுவரில் ஒரு பிறிஸ்டல் போட் ஏறும். ஏறிவிட்டால், ஊரில் இரசாயனவியல் படிக்கிற நாலைந்து பெடியன்களுக்கும் அன்றிலிருந்து பாயும் தலையணையும் எங்கள் வீட்டில்தான். அதைக் கொண்டுவந்து ஒட்டுகிறவனைத்தான் நான் நேரசூசிக்காரன் என்கிறேன். ஆண்டுக்காண்டு ஆள் மாறுவான். உத்தியோகம் மாறாது.

2024ஆம் ஆண்டு வந்தவன் அந்த உத்தியோகத்துக்கென்றே பிறந்தவன். பௌதிக இரசாயனத்துக்கு நீலம், அசேதனத்துக்குச் சிவப்பு, சேதனத்துக்குப் பச்சை. அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, வெள்ளிக்கிழமை தொடங்கியவன் ஞாயிறு பின்னேரம் முடித்தான். அந்த மூன்று நாளும் தான் படித்ததாகவே மனதாரக் கணக்கு வைத்திருந்தான். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அலகுகளின் பெயர்களையெல்லாம் மூன்று தரம் எழுதியிருந்தான்.

சுவரில் இருந்ததை அப்படியே தருகிறேன். 6.30 கைகால் கழுவுதல். 6.40 தேத்தண்ணி. 6.55 அயன் சமநிலை. 8.30 யானை. 8.45 அயன் சமநிலை, தொடர்ச்சி.

“யானைக்குக் கால் மணித்தியாலம் காணுமா மனே?” என்று என் மனைவி கேட்டாள்.

“கூட நிண்டா தேத்தண்ணியில கழிப்பம் மாமி.”

வெளியூர்க்காரருக்கு இது பகிடியாகத் தெரியும். உன்னிச்சை, வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உள்பக்கம். வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை என்று வந்தால் வயலும் காடும் குளமும். பொழுது பட்டால் ஒழுங்கை யானைக்குச் சொந்தம். பட்டணத்துப் பிள்ளைக்குக் கூடிப் படிப்பது அலுத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே விடியும்வரை அசைய ஏலாது. எங்கள் பிள்ளைகளின் விடாமுயற்சியில் பாதி யானையுடையது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பட்டணத்தில் குழாயைத் திறந்தால் வருவது எங்கள் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். தண்ணீர் குழாயில் போகிறது, பிள்ளைகள் ரியூசனுக்கு பஸ்ஸில் போகிறார்கள். தண்ணீர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

முதல் நாள் 6.55க்கு எல்லாரும் சம்மணங் கட்டி உட்கார்ந்தார்கள். நேரசூசிக்காரன் தொண்டையைச் செருமினான். “முதலாம் வினாத்தாள், அம்பது பல்தேர்வு. ரெண்டு மணித்தியாலம். அப்ப ஒரு கேள்விக்கு எத்தின செக்கன்?” வகுத்தார்கள். இரண்டு நிமிடமும் 24 செக்கனும் வந்தது. ஐந்து விடையில் ஒன்றைத் தெரிய, ஒரு விடைக்கு எத்தனை செக்கன் என்று மறுபடி வகுத்தார்கள். பிறகு இரண்டாம் வினாத்தாள். அமைப்புக் கட்டுரை நாலும் கட்டாயம், மற்றக் கட்டுரைகள் ஒரு பகுதிக்கு மூன்றில் இரண்டாக நாலு, மூன்று மணித்தியாலம். அதையும் வகுத்தார்கள். மணி 7.40. அயன் சமநிலையைப் பற்றி அதுவரை யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லார் முகத்திலும் பாதிப் பாடம் முடித்த திருப்தி.

இவனை ஊக்கி என்று சொல்லலாமா என்று நான் யோசித்ததுண்டு. தாக்கத்தை விரைவாக்கிவிட்டு, தான் மாறாமல் வெளியே வருவதுதானே ஊக்கி? அந்தக் குழுவில் உண்மையாகவே படிக்கிற ஒரே ஆள் என் மகள். அவளிடம் சொன்னேன். கொப்பியிலிருந்து தலையை எடுக்காமலே பதில் வந்தது. “ஊக்கி ஏவற்சக்தியைக் குறைக்கும் அப்பா. இவன் கூட்டுறான்.”

யானை 8.30க்கு வராது. அது நேரசூசி பார்ப்பதில்லை. அன்று 9.10க்கு வந்தது. நாய்கள் கத்த, பக்கத்து வளவில் தகரம் தட்ட, ஒருவர் யானை வெடியோடு ஓடினார். விறாந்தையிலோ வேறு பிரச்சினை. வெடிமருந்து என்றால் பொற்றாசியம் நைத்திரேற்றும் கந்தகமும் கரியும், இதில் ஒட்சியேற்றி எது? ஒருத்தன் கந்தகம் என்றான். மற்றவன் நைத்திரேற்று என்றான். நேரசூசிக்காரன் இரண்டு பேரையும் அமர்த்தி, இந்த விவாதம் அசேதனத்துக்குள் வருவதால் சிவப்பு நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்றான். ஒட்சியேற்றி எதுவென்று முடிவாகுமுன் யானை எங்கள் வளவில் இரண்டு வாழையை முடித்துவிட்டது.

உண்மையான படிப்பு நடந்தது ஒரு பெடியனின் தகப்பன் ரோச் லைற்றோடு மகனைப் பார்க்க வந்த இரவில். வேளாண்மைக்காரர். “யூரியாப் பையில 46 எண்டு போட்டிருக்கே, அது என்ன மக்காள்?” என்றார். நைதரசன் வீதம் என்று சொல்லிக் கணக்கைத் தொடங்கினார்கள். யூரியாவின் மூலர்த்திணிவு 60, அதில் நைதரசன் 28. வீதம் 46.67 என்று வந்தது. பையில் 46. “மிச்சம் எங்க?” என்றார் அவர். வர்த்தக யூரியா முழுத் தூய்மையாக இராது, ஈரமும் கொஞ்சம் இருக்கும் என்று மகள் விளக்கினாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, ஒரு பைக்கு அலைந்த மனிசன். “0.67 எண்டாலும் எங்கட சாமான்தானே,” என்று புறுபுறுத்துக்கொண்டே போனார். அன்று இரவு மூல் கணக்குச் செய்யாமல் ஒருத்தனும் படுக்கவில்லை. நேரசூசியில் அது இல்லை. அதனால் நேரசூசிக்காரனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

யூரியூப்பிலும் படித்தார்கள். தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் “இப்ப தரம் பார்த்தல் பார்க்கலாம்” என்று தொடங்க, “எந்தத் தரம், பதினொண்டா?” என்று ஒருத்தன் கேட்டான். அரை மணித்தியாலம் போன பிறகுதான் அது நாங்கள் நியமிப்பு என்கிற சாமான் என்று தெரிந்தது. அங்கே கார்பன், இங்கே காபன். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். இத்தனைக்கும், காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானம் படிப்பித்தவர், 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கே தலைமை தாங்கினார். அதற்கும் முன்னே, 1875இல், மானிப்பாய் கிறீன் வைத்தியரின் முயற்சியில் ‘கெமிஸ்தம்’ என்று ஒரு புத்தகமே தமிழில் வந்தது. இதையெல்லாம் நான் ஆர்வமாகச் சொல்லி முடித்தேன்.

“கெமிஸ்தம் சோதினைக்கு வருமா மாமா?”

“வராது.”

“அப்ப மறுகா பாப்பம்,” என்று ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்குள் அதை எழுதி வைத்தான்.

அந்த வருடம் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கியது. பிறகு ஃபெங்கல் என்று பெயர் வைத்த தாழமுக்கம் மழையை அள்ளிக் கொட்ட, 27ஆம் திகதியிலிருந்து நாடு முழுக்கப் பரீட்சையை நிறுத்தினார்கள். முதலில் மூன்று நாள் என்றார்கள். அவன் மூன்று நாளுக்கு ஒரு நேரசூசி போட்டான். பிறகு நீட்டினார்கள். டிசம்பர் 4 என்று வந்ததும் புது அட்டை. ஊரே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் யோசித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் பிறிஸ்டல் போட் நனையாமல் இருக்க உரப்பை தேடித் திரிந்தான். மற்றப் பிள்ளைகள் வெள்ளத்தைப் பார்த்து அழுகிற நிலை. கிடைத்த நாள்களை எதற்கு என்று பிரித்துக் கொடுக்க ஒருத்தன் இருந்ததால் அழ நேரம் இல்லாமல் போனது.

அதனால்தான் அவனை எனக்குப் பிடிக்கும். ஒரு வருடம் இப்படி ஒருத்தன் அமையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் படிப்பாளிகள். முதல் நாள் மூச்சு விடாமல் படித்தார்கள். இரண்டாம் நாள், யாருக்குக் கூடத் தெரியும் என்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தரும் வரவில்லை. நேரசூசிக்காரன் இருக்கிற இடத்தில் அந்தச் சிக்கல் வராது. தன்னைவிடக் குறைவாகப் படித்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்ற தைரியம் எல்லாருக்கும் உண்டு.

2025 ஏப்ரலில் பெறுபேறு வந்தது. மகளுக்கு இரசாயனவியலில் பி. யூரியாக் கணக்குப் பெடியனுக்கு சி. நேரசூசிக்காரனுக்கு எஸ். அந்தப் பெறுபேற்றுத் தாளையும் அவன் அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டுத்தான் எங்களுக்குக் காட்டினான்.

இப்போது இரண்டாம் தடவைக்கு ஆயத்தம். புது அட்டை சுவரில் பாதி ஏறியிருக்கிறது. அயன் சமநிலை இந்த முறையும் முதல் நாள். யானைக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறான். சேதனத்துக்கு வந்ததும் வேலை நின்றுபோனது, பச்சைப் பேனை முடிந்துவிட்டதாம். பட்டணப் பக்கமிருந்து யாரும் இந்தப் பக்கம் வருவதென்றால் ஒன்று வாங்கி வாருங்கள். பொழுது படமுன் வந்து சேருங்கள்.