தண்ணீர் லாரியின் மௌனமும் இளையராஜா பாடலும்: ஒரு மின்னியல் ஆய்வு

கோடையில் கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் இடையே ஓயாமல் ஓடும் தண்ணீர் லாரிகளில் ஒன்று விடிகாலையில் கிளம்ப மறுத்தால், காரணம் சொல்ல மூன்று சிந்தனைப் பள்ளிகள் கூடிவிடும். டீசலில் காற்று புகுந்துவிட்டது என்பது முதல் பள்ளி. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்பது இரண்டாவது. முன்பக்கம் தொங்கும் எலுமிச்சை காய்ந்துவிட்டதைச் சுட்டுவது மூன்றாவது; கண்ணால் காணும் சான்று இவர்களிடம் மட்டுமே உண்டு. மூன்றையும் மறுத்து, லாரி நின்றதற்கு இளையராஜா பாடலே காரணம் என நிறுவ முயல்கிறது இவ்வாய்வு. இசையமைப்பாளர் மேல் குற்றமில்லை. ஸ்டீரியோவுக்கு ஒயர் இழுத்த இடம்தான் பிழை.

லாரிக்கு 24 வோல்ட். வோல்டேஜ் இரட்டித்தால் அதே திறனுக்குப் பாதி ஆம்பியர் போதும் என்பதால், 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாகக் கோத்திருப்பார்கள். கடையில் விற்கும் ஸ்டீரியோவோ 12 வோல்ட். இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயரை இழுத்தால் காசு செலவில்லாமல் 12 வோல்ட் கிடைக்கும்; புத்திசாலித்தனம் இங்கேதான் கவிழ்கிறது. ஸ்டீரியோ 5 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம் பாடினால் எர்த் பக்கத்து பேட்டரிக்கு மட்டும் 40 ஆம்பியர்-மணி கடன். டைனமோ அடைத்துவிடாதா? சந்திப்பில் நுழையும் மின்னோட்டம் கிளைகளில் பிரிந்தே போகும் என்று கிர்க்காஃப் 1845-லேயே சொல்லிவிட்டார். முதல் பேட்டரியைக் கடந்து வரும் மின்னோட்டத்தில் பாட்டு தன் பங்கை நடுவழியில் எடுத்துக்கொள்ள, மிச்சம்தான் அடுத்ததற்கு. ஒன்று அளவுக்கு மீறி ஊட்டப்பட்டுக் கொதித்து நீர் வற்றும். மற்றது பட்டினி கிடக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் சுமக்கும் வண்டி, கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் இல்லாமல் சாகும்.

ஹெட்லைட் எரிகிறதே, ஹாரன் அடிக்கிறதே என்று கேட்பார்கள். அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் நூற்றுக்கணக்கில் கேட்கும். நலிந்த பேட்டரி அப்போது படுத்துவிட, ‘டக்’ என்ற ஒலி மட்டும் எஞ்சும். ஸ்டீரியோ மாட்டி மாதங்கள் ஆகின்றனவே என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் இந்த நோய் மெதுவானது. அது முற்றுவதற்குள் ஒயர் இழுத்தவரை எல்லோரும் மறந்திருப்பார்கள். பழைய இன்ஜின் வண்டிகள் தள்ளினால் கிளம்பிவிடுகின்றன என்பதும் உண்மையே. அது நமக்குத்தான் சாதகம், டீசல் பள்ளி அத்தோடு அடிபட்டுப்போகிறது. (12 டன் தண்ணீரோடு தள்ள ஆள் சேர்ப்பது வேறு பிரச்சினை.) எலுமிச்சைப் பள்ளியை முற்றிலும் ஒதுக்கவும் முடியாது: செம்பும் துத்தநாகமும் செருகினால் ஒரு பழம் ஏறக்குறைய 0.9 வோல்ட் தரும். 24 வோல்ட்டுக்கு இருபத்தேழு பழம் வேண்டும். அப்போதும் செல்ஃப் சுற்றாது.

ஆகவே, வோல்ட்மீட்டரை இரண்டு பேட்டரிகளிலும் தனித்தனியே வைத்துப் பாருங்கள். ஒன்று 12.6-ம் மற்றது 11-ம் காட்டினால் வழக்கு முடிந்தது. செத்த பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு நடு ஒயரை விட்டுவைத்தால் புதியதும் அதே வழியில் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, பாட்டை அதில் மாட்டுங்கள்.